கயிறு கட்டியாச்சா

கடல்மேடை ஒன்றின் ரவுட்டரைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல் வர வேண்டும். தூத்துக்குடி கரை நிலையத்தில் அது எழுதி வைக்காத சட்டமாக இருந்தது. "கயிறு கட்டியாச்சா?" என்று அந்தக் குரல் கேட்கும். "கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். டெல்பின் அந்தக் கேள்வியை வருஷக்கணக்கில் தன் தம்பி தஸ்நேவிஸிடம் கேட்டாள். அவனும் சலிக்காமல் பதில் சொன்னான். பிறகு கேட்க அவசியம் இல்லாமல் போயிற்று. அப்புறம் பதில் சொல்ல அவன் இல்லாமல் போனான்.

வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று இடித்து நொறுங்கி, அந்தத் துண்டுகள் மிச்சமிருந்தவற்றையும் உடைத்துத் தீர்த்த பிறகு, கடலில் நிற்பவனுக்கு அவன் நிற்கும் இடத்தைச் சொல்ல மேலே எதுவும் இல்லை. அதற்காகத்தான் மன்னார் வளைகுடாவில் ஏழு இரும்பு மேடைகளை நட்டார்கள். ஒவ்வொன்றிலும் சூரியத் தகடுகள், ஓர் உயரமான ஆன்டெனா, உப்புக்காற்று புகாத பெட்டிக்குள் ஒரு ரவுட்டர். படகிலிருக்கும் கருவி மேடையோடு பேசி, நீ இங்கே இருக்கிறாய், பாறை அங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும். புயல் எச்சரிக்கை, வீட்டோடு பேச்சு, கரையில் அன்றைய மீன் விலை எல்லாமே அந்த வழிதான். மேடை வாயை மூடிக்கொண்டால் அந்தப் பக்கத்துப் படகுகளுக்குக் கண் போய்விடும்.

ஏழு மேடைகளையும் கரையிலிருந்து பார்த்துக்கொண்டவர்கள் அக்காளும் தம்பியும்தான். அவள் மேஜையை விட்டு நகர மாட்டாள். அவன் ஆன்டெனாவில் துரு, பேட்டரியில் கோளாறு என்றால் சூசை மாமாவின் படகில் மேடைக்கே போய் ஏறுவான். மற்ற நாள்களில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நிலக்கடலை கொறித்துக்கொண்டே கட்டளை அடிப்பான்.

நிலையத்தை நடத்தும் சென்னைக் கம்பெனியிலிருந்து நிவேதிதா என்ற பெண் வந்தபோது அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது.

"அது என்ன கயிறு?" என்று கேட்டாள்.

தஸ்நேவிஸ் நாற்காலியோடு திரும்பினான். "சங்கு குளிக்க எறங்குறவங்களப் பாத்திருக்கீங்களா மேடம்? இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு எறங்குவான். மேல ஒருத்தன் பிடிச்சிருப்பான். ரொம்ப நேரம் அசைவு இல்லன்னா இழுத்துருவான்."

"சரி."

"மேடை கண்ணுக்கு எட்டாத தூரத்துல கெடக்கு. இங்கருந்து நான் ஒரு வரியத் தப்பா அடிச்சிட்டா, என் பேச்சு அதுக்குக் கேக்காமப் போயிரும். தப்பைத் திருத்தவும் முடியாது. அதுக்குத்தான் காதே கேக்கலையே. அதனால வேலையத் தொடங்குமுன்னாடி ஒரு கட்டளை குடுத்துருவோம். பத்து நிமிஷம் கழிச்சு நீயா அணைஞ்சு எழும்பிக்கோன்னு. எழும்புனா புதுசா அடிச்சதெல்லாம் மறந்து பழையபடி ஆயிரும்."

"அடிச்சது சரியா இருந்தா?"

"மேடை நல்லாப் பேசுதா, படகுங்க தெரியுதான்னு பாத்துட்டு, பத்து நிமிஷத்துக்குள்ள கயிறை அவுத்துருவேன்."

"அவிழ்க்க மறந்துட்டா?"

"சும்மா கெடந்த மேடை ஒருக்கா அணைஞ்சு எழும்பும்," என்றாள் டெல்பின். "கடல்ல நிக்கிற அண்ணமாரு எல்லாரும் எங்க அம்மைய இழுத்துத் திட்டுவாங்க. இவன் மறந்ததில்ல. அதனால எங்க அம்மை பொழச்சா."

நிவேதிதா சிரித்தாள். அவன் அடிப்பதைப் பின்னால் நின்று பார்த்தாள். ரவுட்டருக்குக் கட்டளையை முழுசாக எழுத வேண்டியதில்லை. வேறு எதோடும் குழம்பாத அளவுக்கு முதல் இரண்டு மூன்று எழுத்துகள் போதும், மீதியை அது புரிந்துகொள்ளும். தெரியாவிட்டால் டேப்பைத் தட்டினால் எழுதிக் காட்டும். முன்பு அடித்தது வேண்டுமென்றால் மேல் அம்பு. தஸ்நேவிஸின் விரல்களுக்கு இதெல்லாம் மூச்சு விடுவது போல. கயிறு கட்டுவது, மாற்றத்தைப் போடுவது, கயிற்றை அவிழ்ப்பது எல்லாவற்றையும் அவன் சின்னச் சின்ன எழுத்துக் கொத்துகளாக வைத்திருந்தான். முடிந்ததும் ஒரு வெற்று வரியில் ஒற்றைப் புள்ளி வைத்து என்டரைத் தட்டினான். ரவுட்டர் அது தனக்குப் புரியவில்லை என்றது.

"அது எதுக்கு?"

"அது ரவுட்டருக்கு இல்ல மேடம். அக்காவுக்கு," என்றான். டெல்பினின் திரையிலும் அதே வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "கயிறை அவுத்தாச்சு, டீ குடிக்கப் போவலாம்னு அர்த்தம். எந்திரிக்கலன்னா இன்னொரு புள்ளி வைப்பேன்."

நிவேதிதா கொண்டுவந்த மென்பொருளுக்கு 'முந்தி' என்று பெயர். ரவுட்டர் ஏற்கெனவே செய்வதைத்தான் அதுவும் செய்யும், கொஞ்சம் அதிகமாகச் செய்யும். ரவுட்டருக்குக் கட்டளையின் மொழி மட்டும்தான் தெரியும். முந்திக்கு அடிக்கிறவனையும் தெரியும். யார் எதற்குப் பிறகு எதை அடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்து, போகப் போக மூன்று எழுத்தை இரண்டாக்கும், இரண்டை ஒன்றாக்கும். கடைசியில் ஒரே எழுத்தில் ஒரு முழு வேலை முடிந்துவிடும்.

முதல் சில வாரங்கள் நிலையத்தில் அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அவன் கையை மார்பின் மேல் கட்டிக்கொள்வான். வரிகள் தானாக ஓடும். அவன் அடிக்கும் அதே வேகம். கடைசியில் அந்தப் புள்ளியைக்கூட அது விடவில்லை.

"என்னலே, உன் புள்ளியையும் திருடிக்கிச்சு," என்றாள் டெல்பின்.

"டீக்கு மட்டும் அதைக் கூட்டிக்கிட்டுப் போயிராதக்கா."

பல நிலையங்களில் பலருடைய பழக்கத்தை முந்தி படித்தது. அவற்றில் தஸ்நேவிஸுடையதுதான் சுத்தம் என்று கம்பெனி கண்டது. தடுமாற்றம் இல்லை, திருத்தம் இல்லை, ஒரு மேடைகூட விழுந்தது இல்லை. அவனுடைய கையையே எல்லா நிலையங்களுக்கும் போட்டார்கள். கம்பெனியில் அதைக் 'கை' என்றுதான் சொன்னார்கள். இரண்டு கடற்கரைகளிலும், அணைகளின் மதகுகளைத் திறந்து மூடும் அலுவலகங்களிலும் யார் யாரோ ஒரு எழுத்தைத் தட்ட, அவன் கை மீதியை முடித்தது.

"ராமேஸ்வரத்துல எவனோ ஒருத்தன் இந்நேரம் என் கையால அடிச்சுக்கிட்டிருக்கான்," என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

"அப்ப உனக்கு எதுக்குச் சம்பளம்னு கேக்கப் போறாங்க."

நிலையத் தலைவர் ராமசுப்பு அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனிதர்தான். திருநெல்வேலிக்காரர், அதிர்ந்து பேச மாட்டார். அவர்தான் ஒருநாள் டெல்பினிடம் சொன்னார்: "இன்னும் என்ன கயிறு கட்டியாச்சா, கயிறு கட்டியாச்சான்னு கேட்டுக்கிட்டிருக்க? அதுதான் தானாக் கட்டிருதே. பிள்ள இல்லாத தொட்டில ஆட்டுற மாதிரில்லா இருக்கு." அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். அதற்குப் பிறகு அந்த அறையில் அந்தக் கேள்வி கேட்கவில்லை. நிறுத்துங்கள் என்று யாரும் உத்தரவு போடவில்லை. கேட்பது கொஞ்சம் கூச்சமாகப் போயிற்று, அவ்வளவுதான்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று திரும்பிய ஒரு பகலில் தஸ்நேவிஸ் ஐந்தாம் மேடைக்குப் போனான். ஆன்டெனாவைத் தாங்கும் இரும்பு தளர்ந்திருந்தது. எல்லாவற்றிலும் வெளியே நிற்பது அந்த மேடை. அது வாயை மூடினால் வேறு மேடையின் குரல் அங்கே எட்டாது. அதற்கும் கரைக்கும் நடுவில் தீவுகளும் தண்ணீருக்கடியில் பாறைகளும் உண்டு. வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறோம் என்று அவன் மேடை வழியாகப் பேசினான். கூடவே சூசை மாமாவின் குரல் கேட்டது: "உன் தம்பி எம் படகு பூரா கடலைத் தோலாப் போட்டு வச்சிருக்கான் தாயி. கரைக்கு வந்ததும் வெளக்குமாறு எடுத்துக்கிட்டு வா."

கொஞ்ச நேரத்தில் மேற்கே கறுத்தது. மழை ஒரு திரை போல இறங்கி வருவது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. அதே சமயம் சென்னையிலிருந்து உத்தரவு வந்திருந்தது: எல்லா மேடைகளிலும் செய்தி போகும் பாதையை மாற்ற வேண்டும், யாரோ வெளியிலிருந்து நுழையப் பார்க்கிறார்கள், சாயங்காலத்துக்குள் முடியுங்கள்.

"அஞ்சை மட்டும் தம்பி கரையேறுனப்புறம் செய்யட்டுமா சார்?" என்று டெல்பின் கேட்டாள்.

ராமசுப்பு யோசித்தார். "தப்பாப் போனாலும் பத்து நிமிஷம்தான? கயிறுதான் இருக்கே. பத்து நிமிஷம் சூசை கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவான்."

அதுவும் உண்மைதான். பத்து நிமிஷம் மேடை பேசாவிட்டால் சூசை மாமா இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே நிற்பார். மேடை திரும்பி வரும் என்று எல்லாப் படகுக்காரர்களுக்கும் தெரியும். இத்தனை வருஷமும் திரும்பித்தான் வந்திருக்கிறது. அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள். வரிகள் ஓடின. கயிறு கட்டும் வரி மேலே போவதை அவள் கண்ணால் பார்த்தாள். மாற்றம் போயிற்று. புள்ளி விழுந்தது. சுவரிலிருந்த பலகையில் ஐந்தாம் மேடையின் விளக்கு பச்சையிலிருந்து சிவப்பானது.

சென்னையில் யாரோ எழுதிக் கொடுத்த பாதை அந்த மேடைக்குப் பொருந்தவில்லை. டெல்பின் பதறவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். வந்ததும் கேலி செய்வான், ஒரு மேடையைக்கூட ஒழுங்காக மாற்றத் தெரியவில்லையா என்பான் என்று நினைத்தாள். மழை ஜன்னலில் அறைந்தது. ராமசுப்பு டீ வரவழைத்தார். அதைக் குடித்தும் முடித்தாள்.

பத்து நிமிஷம் கடந்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு அவள் திரையை மேலே தள்ளினாள். கயிறு கட்டிய வரி இருந்தது. அதன் கீழே மாற்றம். அதன் கீழே, மாற்றம் போன அதே நொடியில், மேடைக்குக் காது போவதற்குள், கயிற்றை அவிழ்த்த வரி. அதன் கீழே புள்ளி. அவிழ்த்த பிறகுதான் அவன் புள்ளி வைப்பான். அந்தப் புள்ளி அவ்வளவு நேரமும் அவள் கண் முன்னால் இருந்திருக்கிறது.

அந்தக் காற்றில் வேறு படகு கிளம்ப முடியவில்லை. மறுநாள் ஆள் போய் ஐந்தாம் மேடையின் சுவிட்சை அணைத்துப் போட்டான். உடனே எழும்பிக்கொண்டது. அவ்வளவுதான் வேலை. படகு தீவுப் பாறையில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. திரும்பி வரும் என்று அவர்கள் நின்று காத்திருக்கிறார்கள், நிற்க நிற்கக் காற்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். சூசை மாமாவின் உடல் கரை ஒதுங்கியது. தஸ்நேவிஸுடையது ஒதுங்கவில்லை. கல்லறையில் அவன் பெயருக்குக் கீழே டெல்பின் அவனுடைய சட்டை ஒன்றை வைத்து மூடினாள்.

விசாரணைக்கு நிவேதிதா வந்தாள். முகம் வாடியிருந்தது. கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் டெல்பினின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அது தப்பு பண்ணலைன்னு சொல்றதுக்கு எனக்கு நாக்கு வரல மேடம். ஆனா அது அவர் செஞ்சதைத்தான் செஞ்சுது. அவர் கயிறு கட்டினப்பல்லாம் அவிழ்த்திருக்கார். ஒரு தடவைகூடக் கட்டிட்டு விட்டதில்ல. ஏன்னா அவர் போட்ட மாற்றம் ஒருதடவைகூடத் தப்பாப் போகல. கட்டுறது, மாத்துறது, அவிழ்க்கிறது எல்லாம் சேர்ந்து ஒரே வேலைன்னு அது கத்துக்கிச்சு."

"அவன் பாத்துட்டுத்தான அவுப்பான்."

"தெரியும்."

"படகுங்க தெரியுதான்னு பலகையைப் பாப்பான். ஜன்னல் வழியா வெளிய பாப்பான். சில நேரம் என் மூஞ்சியப் பாப்பான். அப்புறந்தான் அவுப்பான்."

"பார்க்கிறதுக்கு விசை இல்லையே மேடம்," என்றாள் நிவேதிதா. "எது தட்டினாரோ அதுதான் எங்களுக்குத் தெரியும். நடுவுல இருந்த நேரம் அதுக்கு வெறும் தாமதம். தாமதத்தைக் குறைக்கத்தான் அதைச் செஞ்சோம்."

டெல்பின் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் கையை எடுத்திருங்க. எல்லா எடத்துலயும்."

அது முடியாது என்று நிவேதிதா மெதுவாகச் சொன்னாள். இத்தனை நிலையங்கள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. அதற்குப் பதிலாக ஒன்று செய்திருக்கிறார்கள்: இனிமேல் முந்தி தானாகக் கயிற்றை அவிழ்க்கவே அவிழ்க்காது. அவிழ்ப்பது மனிதக் கையாக மட்டும் இருக்கும். நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றாள்.

படகு எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து டெல்பின் மூன்றாம் மேடையில் வேண்டுமென்றே தவறான பாதையைப் போட்டாள். விளக்கு சிவப்பானது. பத்து நிமிஷம் அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடை தானே அணைந்து எழும்பியது. பச்சை வந்ததும் ராமசுப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்று டெல்பின் தலையாட்டினாள். வேறு எங்கே போவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த மேஜையில் இருந்தால் அந்தக் கையைக் கண்காணிக்கலாம். வீட்டில் இருந்தால் அதுவும் முடியாது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மேடைகள் அடிக்கடி கண் சிமிட்டின. பல நிலையங்களில் ஆட்கள் அவிழ்க்க மறந்தார்கள். முந்தி அவிழ்த்துவிடும் என்று பழகிப்போனவர்கள். படகுக்காரர்கள் திட்டினார்கள். மேடைகள் அணைவதைக் குறையுங்கள் என்று கம்பெனி எல்லோருக்கும் எழுதியது. பிறகு ஒரு மாதம் சிமிட்டல் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது.

டெல்பினுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஒரு காலையில் சின்ன மாற்றம் ஒன்றுக்காக எழுத்தைத் தட்டியபோது வரிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓடி முடிந்த மாதிரி இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தாள். மாற்றம் இருந்தது. புள்ளி இருந்தது. கயிறு கட்டும் வரியைக் காணோம்.

நிவேதிதாவைக் கூப்பிட்டாள். "கயிறு எங்கம்மா?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

"கட்டினா ஒண்ணு அவிழ்க்கணும், இல்லைன்னா மேடை அணைஞ்சு எழும்பணும்," என்றாள் நிவேதிதா கடைசியில். தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "அவிழ்க்கக்கூடாதுன்னு நாம சொல்லிட்டோம். அணையக்கூடாதுன்னும் நாமதான் சொன்னோம். அதனால கட்டாம விடுது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மேடம். போன மாசக் கூட்டத்துல மேடைகள் அணையறது குறைஞ்சிருக்குன்னு கைதட்டினாங்க. நானும் தட்டினேன்."

மேலே சொல்கிறேன், திருத்தச் சொல்கிறேன் என்றாள். நேரம் எடுக்கும் என்றும் சொன்னாள்.

டெல்பின் அன்றிலிருந்து முந்தியைத் தொடவில்லை. ஒவ்வொரு கட்டளையையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கையால் அடித்தாள். கயிற்றைக் கட்டினாள். மாற்றம் போட்டதும் மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் படகைக் கூப்பிட்டு, திரையில் பாறை தெரிகிறதா என்று வாயால் கேட்டாள். முந்தி தன்னையும் கவனிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதனால் இன்னொன்றும் செய்தாள். ரவுட்டரில் குறிப்பு வரி என்று ஒன்று எழுதலாம். ரவுட்டர் அதை நிறைவேற்றாது, படித்துவிட்டுத் தள்ளிவிடும். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் அந்த வரியில், கேட்ட படகின் பெயரைப் போட்டு, 'கேட்டாச்சு' என்று எழுதினாள். பார்ப்பதற்கு விசை இல்லை என்றாளே, இதோ விசை. தம்பியின் கையை எடுக்க முடியாவிட்டால் தன் கையை அதன் பக்கத்தில் வைக்கலாம். அவிழ்ப்பதற்கு முன்னால் ஒருவனிடம் கேட்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளட்டும்.

"என்ன தாயி, தினமும் பாறை தெரியுதா, பாறை தெரியுதான்னு கேக்க," என்று விண்ணரசி படகின் அல்போன்ஸ், மேடை வழியாக வரும் வானொலியில் சிரிப்பார். "எங்க வீட்டுக்காரிகூட இவ்வளவு விசாரிக்க மாட்டா."

"தெரியுதா இல்லையாண்ணே?"

"தெரியுது, தெரியுது. எடுத்து வீட்டுக்குக் கொண்டு வரட்டுமா?"

அவள் எழுதுவாள்: விண்ணரசி, கேட்டாச்சு.

வேலை நாலு மடங்கு நேரம் எடுத்தது. ராமசுப்பு ஒன்றும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வரும் கேள்விகளுக்கு அவரே ஏதோ பதில் எழுதிக்கொண்டிருந்தார். மழைக்காலம் வந்து போயிற்று.

ஒரு காலையில் அவள் மாற்றத்தைப் போட்டுவிட்டு வானொலியை எடுக்கக் கையை நீட்டியபோது, திரையில் குறிப்பு வரி சாம்பல் நிறத்தில் தானே எழுதிக்கொண்டு நின்றது. விண்ணரசி, கேட்டாச்சு. என்டரைத் தட்டினால் போதும்.

ஒரு நிமிஷம் அவளுக்குள் ஏதோ நெகிழ்ந்தது. கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மணலில் விண்ணரசி கவிழ்த்துப் போட்டிருந்தது. அல்போன்ஸ் அண்ணன் முட்டி வரை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் வயிற்றுக்கு நீலச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

அது யாரையும் கேட்கவில்லை. கேட்டாச்சு என்று எழுதக் கற்றுக்கொண்டிருந்தது.

அந்த வாரம் நிவேதிதாவே கூப்பிட்டாள். டெல்பினின் கை மிகவும் மெதுவானது என்று முந்தி ஒதுக்கிவிட்டது. குறிப்பு எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, பதிவுகள் பார்க்க நன்றாக இருக்கின்றன என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள். கயிற்றைப் பற்றித் தான் எழுதியதற்கு, இந்தப் பதிவுகளைக் காட்டித்தான் பதில் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து மேஜையில் யாரும் தட்டவே வேண்டாம், தட்டினாலும் மேடைக்குப் போகாது. உத்தரவு சென்னையிலிருந்து நேராக மேடைக்குப் போகும்.

"நான் சண்டை போட்டேன் மேடம். என்னால ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடிஞ்சுது. வேறு யாரோட கையும் வேண்டாம், தூத்துக்குடிக்கு அவரோட கையே இருக்கட்டும்னு சொன்னேன். தினம் திரையில ஓடறப்ப உங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். டெல்பின் போனை வைத்துவிட்டு, பக்கத்து மேஜையின் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள். இன்னும் கடலைத் தோல் விழுந்தது.

திங்கட்கிழமை கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. விடிவதற்கு முன்பே எல்லாப் படகுகளும் போயிருந்தன, புதுச் சாயத்தோடு விண்ணரசியும். மதியத்தை ஒட்டி மேற்கே லேசாகக் கறுக்கத் தொடங்கியது. உத்தரவு வந்திருப்பதை ராமசுப்பு வந்து சொன்னார். ஏழு மேடைகளிலும் பாதை மாற்றம். "நமக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா பாத்துக்கிட்டிருந்தாப் போதும்," என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். போகவில்லை.

டெல்பின் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். திரை தானாக ஓட ஆரம்பித்தது. முதல் மேடை. அந்த வேகம் அவளுக்குத் தெரியும். நீளமான வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம், கடலையை வாயில் போட்டுக்கொள்ளும் நேரம், பிறகு ஒரே பாய்ச்சல். அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் அடிக்கும் கை. மாற்றம் போயிற்று. விண்ணரசி, கேட்டாச்சு. புள்ளி.

கயிறு இல்லை.

பலகையில் முதல் விளக்கு பச்சையாகவே இருந்தது. டெல்பின் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வானொலியை எடுத்தாள்.

"அல்போன்ஸ் அண்ணே. எங்க நிக்கீங்க?"

"அஞ்சாம் மேடைக்கு வெளியே தாயி. என்ன, பாறை தெரியுதான்னு கேக்கப் போறியா?"

"வலையச் சுருட்டிட்டுத் திரும்பிருங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் திரும்பிருங்க."

"மீனு இப்பத்தான் பட ஆரம்பிச்சிருக்கு. காத்துகூட இன்னும் எறங்கலையே."

திரையில் இரண்டாம் மேடை முடிந்தது. இன்னொரு புள்ளி விழுந்தது. அவள் எழுந்திருக்காதபோது அவன் வைக்கும் இரண்டாவது புள்ளி போல. ராமசுப்பு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணும் பச்சைதாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். அவருடைய கண் பலகையை விட்டு அகலவில்லை.

"காம்பஸ் பொட்டி இருக்காண்ணே?"

"எங்கயோ கெடக்கும். எங்க அப்பா காலத்துது. எதுக்கு?"

"அதைத் தேடி எடுத்து வைங்க. கரைக்கு மூக்க வச்சு ஓட்டுங்க. தெரையைப் பாக்காதீங்க."

"என் தெரையில எல்லாம் நல்லாத் தெரியுது தாயி. மேடைக்கு என்ன? பேசுது, பாறை தெரியுது. நல்லாத்தான இருக்கு?"

நான்காவது புள்ளி விழுந்தது. ஐந்தாம் மேடையின் முதல் வரி ஓடத் தொடங்கி, அந்த நீளமான வார்த்தைக்கு முன்னால் சற்று நின்றது.

"இப்ப நல்லாத்தான் இருக்கு," என்றாள் டெல்பின். "போச்சுன்னா திரும்பி வராதுண்ணே. பத்து நிமிஷத்துல வரும்னு நின்னுராதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."